மாணிக்கத்தின் பெயரில் திறக்கும் கதவு

பேய் என்றால் ராத்திரியில்தான் வர வேண்டும், அமாவாசை வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்று கண்டிஷன் போடுபவர்கள் இதை இங்கேயே மூடி வைத்துவிடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. கொல்கத்தா நகரமே புதுத்துணி உடுத்தித் தெருவில் இறங்கி நின்ற துர்கா பூஜை அஷ்டமியன்று, சந்துக்குச் சந்து டாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தபோது நடந்தது. இட்டுக்கட்டிச் சொல்ல இதில் எதுவும் இல்லை. முழுவதும் தெரிந்தவர்கள் மூன்று பேர். இன்றைய தேதிக்கு மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

அலிப்பூரைத் தாண்டி, ஆதி கங்கைக் கால்வாயை ஒட்டி ஒரு குளிர்பதனக் கிடங்கு. ஹில்சா மீன், இறால், ஐஸ்கிரீம், கொஞ்சம் மருந்து எல்லாம் அங்கே உறைந்து கிடக்கும். மொத்தம் ஏழு அறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முழம் தடிமனில் மின்சாரக் கதவு. கிடங்கு முதலாளிகளுக்கு ஆள் சாவான் என்ற பயத்தைவிட மீன் திருடுபோகும் என்ற பயம் ஒரு படி மேல். அதனால் கரண்ட் போனாலும் பூட்டு திறந்துகொள்ளக் கூடாது, பூட்டியபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிச் செய்து வாங்கியிருந்தார்கள்.

மிருதுளா அங்கே கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்க வந்தவள். லேக் மார்க்கெட் பக்கம் அப்பளம், நல்லெண்ணெய், காப்பித்தூள் விற்கும் வேதாச்சலத்தின் மகள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள். எதிராளி வாயைத் திறப்பதற்குள் அவனைப் பாதி விலைக்கு இறக்கும் வித்தையை அப்பாவின் கல்லாவுக்குப் பின்னால் நின்று பழகியவள். "முதல்ல பேர் சொல்றவன் தோத்தான், முதல்ல விலை சொல்றவனும் தோத்தான்" என்பது அப்பாவின் வேதவாக்கு. மகள் அதைக் கம்ப்யூட்டருக்கும் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வேலை இதுதான். சாதாரண ஊழியனின் அக்கவுன்ட் அவன் வீட்டுச் சாவி மாதிரி. அட்மின் அக்கவுன்ட் அப்படியல்ல, தெருவிலுள்ள எல்லா வீட்டையும் திறக்கும் கள்ளச்சாவி. அது யார் கையில் இருக்கிறது, எப்போது எடுத்தான், எதற்கு எடுத்தான் என்று பார்க்க வேண்டும். அந்தக் கிடங்கில் பார்த்தவன் ஒருவனும் இல்லை. பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கீபோர்டுக்கு அடியில் ஒட்டியிருந்தார்கள்.

அதைவிடக் கூத்து ஒன்று உண்டு. ஏழு கதவையும் ஆட்டிவைக்கும் அட்மின் அக்கவுன்ட் மாணிக்கம் என்பவர் பெயரில் இருந்தது. அவர் அங்கே சூப்பர்வைசராக இருந்தவர். செத்துச் சில வருஷம் ஆகிவிட்டது. அக்கவுன்டை யாரும் மாற்றவில்லை. புதிதாக வேலைக்கு வருபவனிடம், "கதவு மக்கர் பண்ணினா மாணிக்கமாப் போ" என்பார்கள். அவனும் மாணிக்கம் பெயரில் நுழைந்து, கதவைச் சரிசெய்துவிட்டு வருவான். செத்த பிறகும் ஒருநாள் லீவு எடுக்காமல் உழைத்த ஆள் கொல்கத்தாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி இதைக் கண்டுபிடித்துக் கத்தியது. மிருதுளா எல்லாவற்றையும் தானியங்கியாக மாற்றினாள். பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரு பெட்டகத்துக்குள். ஒருமுறை எடுத்தால் தானே மாறிவிடும். தனி ஆள் எடுக்க முடியாது. ஒருவர் கேட்க வேண்டும், இன்னொருவர் அனுமதிக்க வேண்டும். உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரில் இல்லாத அக்கவுன்ட் எதுவானாலும் தானே முடங்கிவிடும்.

"விதிவிலக்கு ஒண்ணு வெச்சுக்கோயேன்" என்று மேலாளர் ரஞ்சன் வங்காள மொழியில் கேட்டார்.

"விதிவிலக்கு வெச்சா அது வழியாத்தான், ரஞ்சன்தா, திருடன் வருவான்" என்று மிருதுளா அதே மொழியில் முடித்துவிட்டாள். அங்கே தா என்றால் அண்ணன், தீதி என்றால் அக்கா. விதி மொத்தமும் அவள் எழுதியது.

அஷ்டமியன்று கிடங்கில் சரக்கு ஏறாது, இறங்காது. அதனால் புது ஏற்பாட்டை அன்றைக்கே இயக்கிவிடலாம் என்று முடிவு. ரஞ்சன் குடும்பத்தோடு டார்ஜிலிங் கிளம்பிவிட்டார். இருந்தது மூன்றே பேர். மாடியில் கண்ட்ரோல் ரூமில் மிருதுளா. வாசலில் காவல் மாரியப்பன், சேலத்துக்காரர், கொல்கத்தாவில் தலை நரைத்தவர். அப்புறம் டெக்னீஷியன் அசோக். விருதுநகரிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட்டில் மனைவி ஷோபனாவோடு இருந்தான். அவளுக்கு மூன்றாம் மாதம்.

"அக்கா, ஒரு டீ குடிச்சிட்டு வந்து பட்டனைத் தட்டுங்களேன். நாலாம் நம்பர் ரூம்ல ஒரு சென்சார் மாத்த வேண்டியிருக்கு. ரெண்டு நிமிசம்."

"மாத்திட்டு வா. டீ உன் செலவு."

"போன வாட்டியும் என் செலவுதான்."

"அதான் பழகிடுச்சே, இப்போ ஏன் மாத்தணும்?"

அசோக் சிரித்தான். வாசலருகே தொங்கிய தடிக் கோட்டைத் தொடாமல் நடந்தான்.

"டேய், கோட்டு."

"ரெண்டு நிமிசத்துக்கு அந்த மூட்டையை எவன் சுமப்பான்? எங்கூரு வெயில் இன்னும் ஒடம்புல மிச்சம் இருக்குக்கா."

அவன் படியிறங்கினான். உள்ளே மைனஸ் இருபத்திரண்டு.

அவன் வெளியே வரும்வரை மிருதுளா காத்திருந்திருக்கலாம். மாறப்போவது பாஸ்வேர்டுகள்தானே, கதவு என்ன ஓடியா போய்விடும் என்று நினைத்தாள். பட்டனைத் தட்டினாள்.

திரையில் பெயர்கள் ஓடின. விலகியவர் ஒருவர், முடக்கப்பட்டது. ஓய்வு பெற்றவர் ஒருவர், முடக்கப்பட்டது. வரிசையாகப் போய்க் கடைசியில் நின்றது.

மாணிக்கம். நிலை: உள்ளே இருக்கிறார்.

மிருதுளா புருவத்தைத் தூக்கினாள். தானியங்கி இரண்டு இடத்தில் சரிபார்க்கும். ஊழியர் பதிவு 'இறந்தவர்' என்றது. கதவுப் பதிவு 'நாலாம் அறைக்குள் இருக்கிறார்' என்றது. எது சரி என்று அவளைக் கேட்டது.

"செத்தும் ஓவர்டைமா மாணிக்கம் சார்?" என்றாள் திரையைப் பார்த்து. அசோக்தான் மாணிக்கத்தின் பழைய கார்டைத் தேய்த்து உள்ளே போயிருப்பான். இங்கே எல்லோரும் செய்வதுதான்.

'முடக்கு' என்பதை அழுத்தினாள்.

கீழே...

டொக்.

ஒரே சத்தம்தான். ஏழு கதவும் ஒரே நொடியில் பூட்டிக்கொண்ட சத்தம். கம்ப்ரசர்களின் ரீங்காரம் மட்டும் நிற்காமல் ஓடியது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கதவை ஓட்டும் புரோகிராம்கள் மொத்தமும் மாணிக்கம் பெயரில்தான் ஓடிக்கொண்டிருந்தன. அக்கவுன்ட் போனதும் அவை நின்றன. அவை நின்றதும் பூட்டு விழுந்தது. மாணிக்கமாகப் போவது இங்கே எல்லோருக்கும் தெரியும். கதவும் மாணிக்கமாகத்தான் இயங்குகிறது என்பது ஒருவருக்கும் தெரியாது.

நாலாம் அறையின் இண்டர்காம் அடித்தது.

"அக்கா, கதவு தெறக்கல."

"உள்பக்கம் ஒரு குமிழ் இருக்குமே, அதை அமுக்கு."

"அது ஐஸ் புடிச்சு இறுகிக் கெடக்கு. அசையவே மாட்டேங்குது."

"இரு. தோ வர்றேன். பேசாம இரு, நடந்துக்கிட்டே இரு."

மாரியப்பனைக் கூப்பிட்டாள். கையால் சுழற்றிக் கதவைத் திறக்கும் இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அது பொருள் அறையில் இருந்தது. பொருள் அறைக்கும் அதே பூட்டு. மாரியப்பன் கடப்பாரையால் நாலாம் கதவை நெம்பினார். கதவில் கீறல் விழுந்தது. அவ்வளவுதான்.

தீயணைப்புக்குப் போன் செய்தாள். வருகிறோம் என்றார்கள். ஆனால் சேத்லா ரோடு முழுக்கப் பந்தல், முழுக்க ஜனம், வண்டி எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

"கேஸ் கட்டர் வெச்சிருக்கிற மிஸ்திரி ஒருத்தன் பாலத்துக்கு அந்தாண்ட இருக்கான் தீதி. பந்தல்ல எங்கயாச்சும் ஆடிக்கிட்டு இருப்பான். தேடிப் புடிச்சு இழுத்தாறேன்" என்று மாரியப்பன் ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

மிருதுளா மாடிக்கு ஓடினாள். ஒரு வழிதான் மிச்சம். பெட்டகத்திலிருந்து தலைமைப் பாஸ்வேர்டை எடுத்து, முடக்கியதை மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். அவள் கேட்கலாம். அனுமதிக்க இரண்டாவது ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் ரஞ்சன்.

ரஞ்சனின் போன் அணைந்திருந்தது. விமானத்தில் இருப்பார். இறங்க இன்னும் நேரம் ஆகும்.

தன் விதியை உடைக்கத் தானே முயன்றாள். பக்கவாட்டில் நுழையப் பார்த்தாள். பின்வாசல் தேடினாள். அவள் எழுதியது நல்ல விதி. ஒரு ஓட்டைகூட இல்லை.

செல்போன் அடித்தது. ஷோபனா.

"அக்கா, அவரு போனை எடுக்க மாட்டேங்குறாரு. காலைல இருந்து ஒண்ணும் வயித்துல நிக்கல. வரும்போது நாரத்தங்கா வாங்கியாரச் சொல்லணும்."

"உள்ளே வேலையா இருக்கான்மா."

"எப்போ வருவாரு?"

"வந்துடுவான்."

போனை வைத்தபோதுதான் கதவுப் பலகையைப் பார்த்தாள். ஒவ்வொரு அறையிலும் எத்தனை பேர் என்று காட்டும் பலகை. ஆறு அறைகளில் சைபர்.

நாலாம் அறையில் இரண்டு.

இண்டர்காமை எடுத்தாள். "அசோக், நீ எந்தக் கார்டைத் தேச்சுட்டு உள்ளே போனே?"

"என்... என் கார்டுதான்." பல் தந்தியடிப்பது கேட்டது. "ஏன்க்கா?"

"ஒண்ணுமில்லை. நடந்துக்கிட்டே இரு."

பெட்டகத்தைத் திறந்தாள். கோரிக்கை எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், ஆள் உள்ளே மாட்டிக்கொண்டார், உயிர் ஆபத்து என்று ஆங்கிலத்தில் தட்டினாள். ரஞ்சன் தரையிறங்கியதும் முதலில் பார்ப்பது இதுவாக இருக்கட்டும் என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது.

மறுக்கப்பட்டது.

அனுமதிக்கும் அதிகாரி: மாணிக்கம்.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். அனுமதிப்பவர்கள் வரிசையில் அவள் வைத்தது இரண்டு பெயர்கள். இப்போது மூன்று இருந்தன. மூன்றாவது பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. ஆள் இருக்கிறார் என்று பொருள்.

யாரோ விளையாடுகிறான். வெளியிலிருந்து எவனோ புகுந்துவிட்டான். அப்படித்தான் நினைத்தாள். அப்படி நினைப்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. திருடனிடம் பேரம் பேசலாம்.

யார் நீ என்று தட்டினாள்.

இண்டர்காம் தூக்கியபடியே கிடந்தது. அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு சத்தம்.

டக். டக் டக். டக்.

சத்தம் நின்றது. திரையில் எழுத்து விழுந்தது. தமிழில். அந்த மெஷினில் தமிழ் எழுத்தே கிடையாது.

'என் பேரை எடுத்துட்டே. யார் பேரை வைப்பே?'

"அக்கா..." அசோக்கின் குரல் இழுத்தது. "இந்தப் பெரியவர எப்போ உள்ள அனுப்புனீங்க?"

மிருதுளா இண்டர்காமை எடுத்துக் காதோடு அழுத்தினாள்.

"மீன்பெட்டி மேல உக்காந்திருக்காரு. ஏதோ டைப் அடிக்கிறாரு."

"எதுல... எதுலடா அடிக்கிறாரு?"

"ஒண்ணுமில்ல. சும்மா தொடையில தட்டுறாரு."

தெருவில் டாக் மேளம் திடீரென்று வேகமெடுத்தது. எங்கோ சங்கு ஊதினார்கள். அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் வேளை, சந்தி பூஜை. நகரம் முழுவதும் தேவியின் காலடியில் நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க ஒருவரும் இல்லை.

அவள் தட்டினாள்.

உங்கள் பெயரையே திரும்ப வைக்கிறேன்.

டக். டக் டக்.

'செத்தவன் பேர் கூடாதுன்னு நீதானே எழுதினே.'

விதியை மாற்றுகிறேன்.

டக். டக். டக்.

'மாத்த ரெண்டாவது ஆள் வேணும். அதுவும் நீ எழுதினதுதான்.'

அவள் கடைக்காரன் மகள். எதிராளி கடையை விட்டு எழுந்து போகாதவரை பேரம் முடியவில்லை என்று தெரிந்தவள். கடைசி விலையை எப்போதும் கைக்குள் மறைத்து வைப்பவள்.

ரஞ்சன் பெயரை வைக்கிறேன் என்று தட்டினாள்.

தட்டிய பிறகு தன்னையே வெறுத்தாள். ரஞ்சனுக்கு இரண்டு பெண்கள்.

டக் டக்.

'இங்கே இல்லாதவன்.'

"அக்கா." அசோக்கின் குரலில் இப்போது நடுக்கம் இல்லை. அதுதான் பயங்கரம். "இப்போ குளுரல. உடம்பெல்லாம் கதகதன்னு இருக்கு. சட்டையக் கழட்டிரவா?"

"கழட்டாதே. அசோக், கழட்டாதே. எந்திரி, நட."

"பெரியவரும் கழட்டச் சொல்றாரு."

"அவர் பேச்சைக் கேக்காதே. அசோக்... ஷோபனா போன் பண்ணினா. நாரத்தங்கா வேணுமாம்."

"ம்."

"என்ன வேணுமாம்? சொல்லு. வாயால சொல்லு."

டக். டக். இண்டர்காமில் அந்தச் சத்தம் மட்டும். அவள் எதுவும் கேட்காமலே பதில் வந்தது.

'பையன் நல்ல பையன். இவன் பேரை வெச்சுக்கட்டுமா?'

மிருதுளா கத்தினாள். அறையில் யாரும் இல்லை. கத்தியபடியே தட்டினாள்.

என் பெயர். ஒரு நாளைக்கு.

'இங்கே சில்லறை வியாபாரம் இல்லை.'

அடுத்த பூஜை வரை.

இந்த முறை பதில் இல்லை.

இண்டர்காமில் மூச்சும் கேட்கவில்லை.

எதிராளி எழுந்துவிட்டான். கடையை விட்டு இறங்கப் போகிறான்.

அவளுக்குத் தெரிந்தது.

கதவு அக்கவுன்டில் 'உரிமையாளர்' என்ற கட்டத்தைத் திறந்தாள்.

மிருதுளா வேதாச்சலம்.

'எதுவரை' என்று கேட்டது.

காலியாக விட்டாள்.

அனுப்பினாள்.

டக்.

அனுமதிக்கப்பட்டது.

கீழே... ஏழு கதவும் ஒன்றாகத் திறந்தன.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்குத் தெரியாது. நாலாம் அறையின் வாசலில் வெள்ளைப் புகை கொட்டிக்கொண்டிருந்தது. அசோக் வாசலுக்கு ஒரு கை தூரத்தில் குப்புறக் கிடந்தான். புருவத்தில் பனி. ஒரு கை சட்டைப் பொத்தானில். அவனைக் கக்கத்தில் பிடித்து வெளியே இழுத்தாள். கோட்டை மேலே போட்டாள். தன் துப்பட்டாவைத் தலையில் சுற்றினாள். கன்னத்தில் அறைந்தாள்.

"என்ன வேணுமாம்? சொல்லுடா."

நெடுநேரம் கழித்து உதடு அசைந்தது.

"நாரத்தங்கா."

மிருதுளா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

மாரியப்பன் மிஸ்திரியோடு வந்து சேர்ந்தார். மிஸ்திரி பந்தல் குங்குமம் நெற்றியில் அப்பியபடி டார்ச் அடித்து அறையைப் பார்த்தான். மீன்பெட்டிகள். தரையில் மெல்லிய பனி. அதில் ஒரே ஒருவனின் காலடித் தடம். பெட்டிகளின் மேல் பனி கலையாமல் இருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

அசோக் பிழைத்தான். இடது காலின் சுண்டுவிரல் மட்டும் போயிற்று. குளிர் மூளைக்கு ஏறினால் இல்லாத ஆளெல்லாம் தெரியும் என்று டாக்டர் சொன்னார். மிருதுளா தலையாட்டினாள். அவள் இருந்த அறையில் குளிர் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

ரஞ்சன் திரும்பி வந்து பதிவைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். தமிழ் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. மாணிக்கம் என்ற பெயரும் இல்லை. கோரிக்கை: மிருதுளா. அனுமதி: மிருதுளா.

"உன் கோரிக்கைக்கு நீயே அனுமதி குடுத்திருக்கியே. இதை நம்ம சிஸ்டம் விடவே விடாதேம்மா. எப்படிப் பண்ணினே?"

"தெரியலை ரஞ்சன்தா."

"சரி, ஒரு உசிரு. நானும் கேக்கலை, நீயும் சொல்லலை. கதவு அக்கவுன்ட் உன் பேர்லயே இருக்கட்டும். ஆடிட்காரன் கேட்டா ஒரு ஆள் காட்டணுமில்ல?"

அதோடு முடிந்தது என்றுதான் அன்றைக்குக் கிடங்கில் இருந்த மூன்று பேரும் நினைத்தார்கள்.

அசோக்குக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் நாள் வைசாக மாதத்து, நம்மூர்ச் சித்திரை வெயிலில் வந்தது. கொல்கத்தா வெயில் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். உடம்பு முழுக்கக் கஞ்சி வடித்த மாதிரி இருக்கும். அந்தச் சின்ன ஃபிளாட்டில் இரண்டு மின்விசிறி, முப்பது ஆள். மிருதுளா ஆட்டோவில் வெயிலைத் தின்றுகொண்டு வந்து சேர்ந்தாள். பக்கத்துக் குடித்தனப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இவங்கதான் எங்க வீட்டுக்கு விளக்கேத்துனவங்க" என்று ஷோபனா எல்லோரிடமும் சொல்லிக் குழந்தையைத் தூக்கி மிருதுளாவின் கையில் வைத்தாள்.

குழந்தை வீறிட்டது. சுடுதண்ணீர் பட்டதைப் போலத் துடித்தது. ஷோபனா பதறி வாங்கினாள். வாங்கும்போது விரல் உரசியது. ஷோபனாவின் முகம் மாறியது.

"என்னக்கா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு? ஏசி கார்ல வந்தீங்களா?"

"ஆமா" என்றாள் மிருதுளா.

மாரியப்பன் மூலையில் பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். மிருதுளா கிளம்பியதும் பின்னாலேயே வந்து மாடிப்படியில் நிறுத்தினார்.

"தீதி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காதீங்க. அன்னிக்குக் கதவைத் தெறக்க என்ன பண்ணுனீங்க?"

அதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னாள். பெயரை வைத்ததைச் சொன்னாள். எதுவரை என்ற கட்டத்தைக் காலியாக விட்டதையும் சொன்னாள்.

மாரியப்பன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"மாணிக்கம் அண்ணனுக்கு முன்னாடி அந்தக் கதவு வேற ஒருத்தர் பேர்ல இருந்துச்சு தீதி. ஒரு பூஜை அன்னிக்கு நாலாம் நம்பர் பூட்டிக்கிச்சு. உள்ள ஒரு ஆளு மாட்டிக்கிட்டான். எல்லாரும் கைவிட்டாச்சு. அண்ணன் மாடியில தனியா உக்காந்து என்னமோ தட்டுனாரு. கதவு தெறந்துச்சு. என்ன பண்ணுனீங்கன்னு கேட்டேன். பேரை மாத்தினேன்னு மட்டும் சொன்னாரு."

"யார் உள்ளே மாட்டினது?"

"நாந்தான்."

கீழே தெருவில் ஐஸ்வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போனான்.

"அவர் எப்படிச் செத்தார் மாரியண்ணா? ஹார்ட் அட்டாக்குன்னாங்க."

"டாக்டரு அப்படித்தான் எழுதினாரு. பவானிபூர்ல வீட்டுல படுத்தவருதான். இதே மாதிரி கொதிக்கிற வெயிலு. ஃபேன்கூட ஓடல, கரண்ட் இல்ல." மாரியப்பன் குரலைத் தாழ்த்தினார். "குளுப்பாட்டுனது நானு. பத்து விரலும் பனி தின்னு கறுத்துப்போயிருந்துச்சு."

"பேரை மாத்தி எத்தனை நாள் இருந்தார்?"

"அடுத்த பூஜையை அவரு பாக்கல தீதி."

வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. மிருதுளா துப்பட்டாவுக்குள் கையை இழுத்துக்கொண்டாள். உள்ளே, யாருக்கும் தெரியாமல், பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்த்தாள்.

தொட்டது பெருவிரலுக்கு மட்டும்தான் தெரிந்தது.